கைதி தீட்டிய சொல்லோவியம்

அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், மன்னார்ப் பெருநிலக் கரையிலே அமைந்தது அரிப்பு என்னும் சிற்றூர். ஒரு காலத்தில் முத்துக்குளிப்பினாலே பல தேசத்து வணிகரையும் தன்பால் ஈர்த்த கரை இது. இங்கு வருவோர் கடலோரத்தே இடிந்து நிற்கும் பெருமாளிகையைக் காணாது மீள்வதில்லை. ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டுவித்த அம்மாளிகையை மக்கள் அல்லிராணி கோட்டை என்று வழங்குவர். அல்லியின் கதை கேட்கும் ஆவலிலே, அதனினும் பழையதும் அளவாற் சிறியதுமாகிய அரிப்புக் கோட்டையைப் பலர் கண்கொண்டு பார்ப்பதில்லை. அஃது ஒல்லாந்தர் காலத்திலே கரையோரக் காவல் நிலையமாக இருந்தது.

மாணவரை அழைத்துச் செல்லும்போது யாம் அச்சிறு கோட்டையின் முன்னேதான் நெடுநேரம் நிற்பது வழக்கம். 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18ஆம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணியளவிலே, தலைமயிரும் தாடியும் நீண்டு வளர்ந்த இரண்டு வெள்ளையர் வெறுங்காலோடு இக்கோட்டை வாயிலை அடைந்தனர். காட்டு வழியே வந்த களைப்பு அவர்கள் உடலெங்கும் தெரிந்தது. அவருள் ஒருவர் பெயர் றொபேட் நொக்ஸ். பத்தொன்பதரை ஆண்டுகள் கண்டி அரசனின் கைதியாக இருந்து, தப்பி வந்தவர்.

கண்டி இராச்சியத்தின் நிலவளம், அரசியல், குடிவழக்கு ஆகியவற்றை அறிய விழைவோர் நொக்ஸின் நூலை நாடுவர். அது யாவரும் அறிந்ததே. அந்நூலுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. கண்டி நாட்டு மக்கள் அக்காலத்தில் ஆடிய ஆடலையும், நிகழ்த்திய சடங்கையும், அவற்றுக்கென வண்ணந்தீட்டிய உருவங்களையும் நம் கண்முன் நிறுத்தும் சொல்லோவியம் அது. தூரிகை பிடித்தறியாத ஒரு மாலுமி அவ்வோவியத்தை எவ்வாறு தீட்டினார், அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கடலும் சிறையும்

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸே. அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் ‘ஆன்’ என்னும் கப்பலுக்குத் தலைவராய் இருந்தார். 1658இல் அக்கப்பல் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்டபொழுது மகனும் உடன் சென்றார். அப்போது அவருக்கு வயது பதினாறு. 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலிலே பெரும்புயல் வீசியது. கப்பலைக் காப்பதற்காக நடுப் பாய்மரத்தை வெட்ட நேர்ந்தது. புதிய மரம் நாட்டுவதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்குக் கப்பலைக் கொண்டு வந்தனர்.

அக்காலத்தில் கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். பறங்கியரை வெளியேற்ற ஒல்லாந்தரைத் துணைக்கொண்டு, பின்னர் அவ்வொல்லாந்தராலேயே ஏமாற்றப்பட்ட அரசன் அவன். வெள்ளையர் எவரையும் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. 1660ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, அரசன் அனுப்பிய திசாவையின் ஆட்கள் கரையிறங்கிய தலைவரையும் மகனையும் உள்ளிட்ட பதினாறு பேரைப் பிடித்தனர்.

இவ்விடத்தில் நிகழ்ந்த ஒன்றை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகும். கப்பலையும் கைப்பற்ற விரும்பிய திசாவை, அதனை ஆற்றினுள்ளே கொண்டுவரச் சொல்லும்படி இளைய நொக்ஸைத் தூதாக அனுப்பினான். தந்தையோ, கப்பலைக் காத்துக்கொள்ளுமாறு மாலுமிகட்கு இரகசியமாகச் சொல்லச் சொல்லி, அதன்பின் மகன் தம்மிடமே மீண்டு வரவேண்டும் என்றும் கட்டளையிட்டிருந்தார். இளைஞர் கப்பலில் ஏறினார்; செய்தியைச் சொன்னார். கப்பல் தப்பியது. அதிலேயே இருந்துகொண்டு தாமும் தப்பியிருக்கலாம். எவரும் பழித்திரார். அவர் படகில் இறங்கி, தந்தையோடு சிறையிருக்கத் திரும்பி வந்தார். இராமகாதையிற் பழகிய நமக்கு இச்செயலின் அருமை எளிதிற் புலனாகும்.

தந்தையும் மகனும் ஏழு கோறளைப் பகுதியிலே பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. 1661ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் தந்தையார் உயிர் நீத்தார். மகனுக்கு இருபது வயது நிறைந்து ஒரு நாளே ஆகியிருந்தது. பிணத்தைத் தொட ஊரார் உடன்படவில்லை. காட்டுக்கு இழுத்துச் செல்வதற்கு ஒரு கயிற்றை மாத்திரம் கொடுத்தனர். காய்ச்சலால் மெலிந்த இளைஞர், உடனிருந்த ஏவற்சிறுவன் ஒருவனின் துணையோடு தந்தையைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார்.

தனிமையின் கொடுமை மிகுந்திருந்த நாளிலே, முதியவன் ஒருவனிடம் ஆங்கில விவிலிய நூல் ஒன்று இருப்பதைக் கண்டார். கொழும்பைப் போர்த்துக்கீசர் இழந்தபோது அவன் கைக்கு வந்த நூல் அது. தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டார். அன்றுதொட்டுத் தொப்பி பின்னுவதே அவருக்குத் தொழிலாயிற்று. கோழியும் பன்றியும் வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். சில்லறைப் பொருள்களைச் சுமந்து ஊரூராய் விற்றார். ஏனைய ஆங்கிலேயர் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து குடும்பத்தராயினர். மனைவியும் மக்களும் வந்துவிட்டால் தப்பும் எண்ணம் தளர்ந்துபோம் என்று அஞ்சிய நொக்ஸ் மணஞ்செய்யாதே இருந்தார். எலதெத்தை என்னும் ஊரிலே சிறு நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தும், அவர் மனம் கடற்கரையிலேயே இருந்தது.

ஆடலும் சடங்கும்

விற்பனைச் சுமையோடு திரியும் மனிதன் எல்லா ஊருக்கும் செல்வான். எவரும் அவனைப் பொருட்படுத்தார். திருவிழாவிலும் நோயாளியின் வீட்டு முற்றத்திலும் அவனுக்கு ஒதுங்கி நிற்க இடமுண்டு. நொக்ஸ் அவ்வாறு நின்று கண்டவற்றுள் தலையாயது கண்டிப் பெரகரா.

ஆனி அல்லது ஆடி மாதத்து அமாவாசையிலே தொடங்கிப் பௌர்ணமி வரை நிகழ்ந்த அவ்விழாவை அவர் ஒழுங்குபடச் சொல்லுகிறார். இருமருங்கும் வெண்கல மணிகள் தொங்க நாற்பது ஐம்பது யானைகள் முன்னே செல்லும். முற்காலத்திலே பேருருவ மனிதர் வாழ்ந்தனர் என்ற நம்பிக்கைக்கேற்ப, இராட்சத வேடம் புனைந்தோர் அவற்றின்பின் ஆடி வருவர். முரசும் குழலும் முழங்கும். ஆடுவோர் கூட்டங் கூட்டமாய்த் தொடர்வர். பின்னர், வெண்துகில் போர்த்த யானைமீது பூசகர் ஒருவர், வண்ணந்தீட்டி மலர்மாலை சுற்றிய ஒரு கோலைத் தோளிற் சார்த்தி அமர்ந்து வருவார். அக்கோலே தெய்வம். அலுத்நுவரத் தெய்வத்தோடு கதிர்காமத் தெய்வமும் பத்தினித் தெய்வமும் உடன் எழுந்தருளுவர். அவர்கட்குப் பின்னே பெண்டிரும், படைவீரரும், பெருமக்களும் செல்வர்.

தமிழ் மாணவர் இங்குச் சற்றே தரித்து நிற்றல் வேண்டும். பத்தினித் தெய்வம் என்பது நம் கண்ணகியே. கயவாகு வேந்தன் பத்தினிக்கு விழவெடுத்த செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். கதிர்காமத் தெய்வம் நம் முருகன். கார்த்திகைக் காலத்துப் பௌர்ணமி இரவிலே கோயில்களைச் சுற்றிக் கம்பங்கள் நாட்டி விளக்கேற்றும் விழாவொன்றையும் நொக்ஸ் எழுதியிருக்கிறார். அதனைப் படிக்கும்போது நம் இல்லங்களின் விளக்கீடு நினைவுக்கு வராது போகாது. தமிழரும் சிங்களரும் ஒரே தெய்வத்தின் முன் நின்று ஆடிய காலத்துக்கு அந்நியன் ஒருவன் சான்று பகர்கிறான்.

ஆராய்ச்சியாளர்க்கு மற்றொரு பயனும் இதனால் விளைந்தது. இன்று பெரகராவின் நடுவிடம் புத்தபிரானின் புனிதத் தந்தத்துக்கு உரியது. நொக்ஸின் விவரணையிலே தந்தம் இல்லை, தேவர்களே உள்ளனர். 18ஆம் நூற்றாண்டிலே கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில்தான் தந்தம் இவ்விழாவிலே தலைமை பெற்றது என்று வரலாற்றறிஞர் துணிவதற்கு இக்கைதியின் சொல் பெருந்துணையாயிற்று. 1664இல் அரசன் விழாவை நிறுத்தினான் என்றும், அவ்வாண்டே கலகம் மூண்டது என்றும், அதன்பின் அவன் விழாவைத் தடுக்கவில்லை என்றும் நொக்ஸ் குறித்திருக்கிறார். ஆடலைத் தடுத்தால் அரசும் ஆடும் என்பது அதனாற் பெறப்படும் பொருள்.

பெரகராவினும் நுணுக்கமானது அவர் கண்ட பலிச்சடங்கு. ஒருவர் நோயுற்றால், அது கோள்களின் தீங்கென்று கருதிக் களிமண்ணால் உருவங்கள் செய்வர். பொருள் வசதிக்கு ஏற்ப உருவம் பெரிதாகும். பன்றியைப்போல் நீண்ட கோரைப்பல்லும், எருதின் கொம்பும் வைத்து, காண்போர் அஞ்சும்படி வண்ணந் தீட்டுவர். அவற்றின் முன்னே சோறும் கறியும் படைப்பர். பறை முழங்கும், குழல் ஒலிக்கும், விடியுமளவும் ஆட்டம் நிகழும். நெய்தல், கோள் கணித்தல், பறை கொட்டுதல், ஆடுதல் ஆகிய அனைத்தும் ஒரே குலத்தார்க்கு உரியனவாய் இருந்தன என்பதையும் நொக்ஸ் கவனித்து எழுதினார். பொழுது புலர்ந்ததும் அவ்வுருவங்களை எடுத்து, வழிப்போவோர் மிதிக்கும்படி பெருவழியிலே எறிந்துவிடுவர். நம் ஊர்களிலே முச்சந்தியிற் கழிப்புக் கழித்தலைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

இதனை எண்ணிப் பாருங்கள். கோயிற் சுவரிலே தீட்டிய ஓவியம் நூற்றாண்டுகள் நிற்கும். இப்பலியுருவமோ மாலையிலே வண்ணம் பெற்று, இரவெல்லாம் தீவட்டி ஒளியிலே ஆடலைக் கண்டு, காலையிலே மண்ணாய்ப் போவது. அதனைத் தீட்டியவர் கையொப்பம் இட்டதில்லை; பேணி வைத்ததும் இல்லை. 17ஆம் நூற்றாண்டிலே அவ்வாறு தீட்டப்பட்ட உருவங்களை நாம் இன்று மனத்தாலேனும் காண்பதற்கு, முற்றத்தின் ஓரத்திலே தொப்பிக் கூடையோடு நின்ற ஒரு கைதியின் கண்களே வழியாயின.

அவர் அன்போடு பார்த்தார் என்று கூறுதல் உண்மையாகாது. தம் சமயமொன்றே மெய்யென்று நம்பிய அவர், இவற்றைப் பேய்வழிபாடென்றே கருதினார். அவ்வுருவங்களை விகாரமென்று வெறுத்தார். ஆயினும், வெறுத்ததைத் திரித்துக் கூறவில்லை. மணி எங்கே தொங்கியது, யானைமீது என்ன துணி இருந்தது, ஆட்டம் எப்பொழுது முடிந்தது என்று கண்டதைக் கண்டவாறே எழுதினார். அதனாலேயே, அவர் கொண்ட வெறுப்பு இன்று பயனற்றுக் கிடக்க, அவர் கண்ட காட்சி பயன்பட்டு நிற்கிறது.

காட்டுவழியும் நூலும்

1679ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள், நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழரும் வணிகச் சுமையோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். அனுராதபுரத்தை அடைந்தபொழுது அவர்கட்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அங்கு வாழ்ந்தோர் தமிழர், சிங்களம் அறியாதோர். இருபது ஆண்டளவிற் சிங்களத்தைத் தம்மொழி போலப் பயின்ற நொக்ஸ், மொழிபெயர்ப்போன் துணையின்றிப் பேச இயலாது நின்றார். காய்ந்த மான்வற்றல் வாங்க வந்ததாகச் சொல்லி ஐயம் எழாமற் காத்துக்கொண்டனர். அப்பால் இருந்தது கயிலாய வன்னியன் ஆட்சிக்குட்பட்ட வன்னிநாடு. ஊர்வழி செல்ல அஞ்சி, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு காட்டினூடே நடந்தனர். அந்த ஓயாவே நம் அருவியாறு. யானைக்கும் கரடிக்கும் முதலைக்கும் தப்பி, இடிந்துகிடந்த பழங்கற்றூண்களைக் கடந்து, அவ்யாறு காட்டிய வழியே அரிப்புக்கு வந்தனர்.

ஒல்லாந்தர் அவர்களை இரக்கத்தோடு ஏற்று மன்னார்க் கோட்டைக்கும், பின்னர்க் கொழும்புக்கும், பத்தாவியாவுக்கும் அனுப்பினர். 1680ஆம் ஆண்டு செப்டெம்பரில் நொக்ஸ் இலண்டன் சேர்ந்தார். கப்பற் பயணத்திலே நினைவிலிருந்து எழுதிய குறிப்புகளை, உறவினராகிய ஜோன் ஸ்ட்ரைப் என்னும் குருவானவரும், அரச கழகத்து அறிஞர் றொபேட் ஹூக்கும் ஒழுங்குபடுத்த உதவினர். 1681இல் ஹூக்கின் முன்னுரையோடு நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளில் ஜெர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. டானியல் டீபோ 1720இல் வெளியிட்ட தம் கதையொன்றிலே நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார்.

நூலிலே செப்புத்தகட்டுப் படங்களும் இருந்தன: ஏர் உழுதல், சூடு மிதித்தல், பிணஞ் சுடுதல், யானையைக்கொண்டு தண்டித்தல் முதலியன. அவை இலண்டனிலே செதுக்கப்பட்டவை. மனிதரின் முகமும் உடற்கட்டும் ஐரோப்பியச் சாயலிலே அமைந்திருப்பதைப் பார்த்தவுடனே அறியலாம். தகட்டிலே வரைந்தவனுக்குக் கைத்திறன் இருந்தது; காட்சி இல்லை. நொக்ஸுக்குக் கைத்திறன் இல்லை; காட்சி இருந்தது. இன்று அறிஞர் நம்புவது படத்தையன்று, சொல்லையே.

இவ்விடத்தில் மற்றொரு நாட்டுக் கைதிகளை ஒப்பிட்டுக் காண்பது பொருந்தும். 1875ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, சமவெளிப் பழங்குடிகளாகிய கியோவா, செயென் முதலிய குலத்தாருள் எழுபதுக்கு மேற்பட்டோரைப் பிடித்துப் புளோரிடாவிலுள்ள மரியன் கோட்டையிலே 1878 வரை சிறைவைத்தது. அங்கே அவர்கட்குக் கணக்கேடுகளும் வண்ணப் பென்சில்களும் கிடைத்தன. கோடிட்ட அக்கணக்குத் தாள்களிலே அவர்கள் தம் குலத்து ஆடல்களையும் சடங்குகளையும் வேட்டையையும் வரைந்தனர். இறகு முடி சூடி வட்டமாய் நின்று ஆடுவோரை அத்தாள்களிலே இன்றும் காணலாம். பவ்வவ் என்னும் பெயரோடு அம்மக்கள் இக்காலத்தில் கூடி ஆடும் விழாக்களுக்கு மூத்த நினைவேடுகளாய் அவை மதிக்கப்படுகின்றன. மரியன் கோட்டைக் கைதிகள் தாம் இழந்த ஆடலை வரைந்தனர். நொக்ஸ் தம்மைச் சிறைவைத்தோரின் ஆடலை எழுதினார். அவர்களை எழுதுவித்தது ஏக்கம். இவரை எழுதுவித்தது விடுதலை. இரண்டிடத்தும் சிறையே ஏட்டைத் தந்தது.

விலை

நொக்ஸின் பிற்கால வாழ்க்கையை மறைத்துவிட்டு அவரைப் போற்றுதல் முறையன்று. கிழக்கிந்தியக் கம்பனி அவரை ‘தொங்கின் மேர்ச்சன்ட்’ என்னும் கப்பலுக்குத் தலைவராக்கியது. அக்கப்பலோடு அவர் மடகாஸ்கர் தீவுக்குச் சென்று, அடிமைகளை வாங்கும் வாணிகத்திலே ஈடுபட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் விடுதலைக்காக இறைவனை இரந்து நின்றவர், பிறர் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார். அக்காலத்து வழக்கம் அது என்று சிலர் அமைதி கூறுவர். ஆயின் கைதியின் துயரத்தை நூலிற் படித்தறிந்தவரல்லர் அவர். தந்தையின் கழுத்துக்கென நீட்டப்பட்ட கயிற்றைத் தம் கண்ணாற் கண்டவர். இக்கறை அவர் பெயரினின்றும் நீங்காது.

ஆயினும் கண்டியை அவர் மறந்தாரில்லை. தோழர் ஒருவருக்கு அங்கே பிறந்து, தாம் வளர்த்த லூசியா என்னும் பெண்ணுக்குத் தம் வீட்டையும் நிலத்தையும் உரிமையாக்கினார். தம் நூற்படி ஒன்றிலே வெற்றுத்தாள்களை இடையிட்டுக் கட்டி, முதுமையிலும் நினைவுகளை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். ஒக்ஸ்போர்ட்டு நூல்நிலையத்திலே கிடைத்த அக்குறிப்புகள் 1911இல் ஜேம்ஸ் ரையன் பதிப்பிலே அச்சேறின. மணஞ்செய்யாதே வாழ்ந்த நொக்ஸ், 1720ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதிலே காலமானார்.

அரிப்புக் கோட்டை இன்று கற்குவியலாய்ச் சிதைந்து கிடக்கிறது. அருவியாறு முன்போலவே கடலைச் சேர்கிறது. இவ்வாயிலிலே அன்று நுழைந்தவர் கையில் ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. அவர் சுமந்து வந்தது நெஞ்சிலே பதிந்த காட்சிகளை மாத்திரமே. நம் கரையோர ஊர்களிலும் நாட்டுக்கூத்து ஆடுகிறார்கள். வேடத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். விடிந்தபின் வண்ணத்தைக் கழுவிவிடுகிறார்கள். அண்ணாவிமார் மறைகின்றனர், அவர்களோடு ஆட்டத்தின் நுணுக்கமும் மறைகின்றது. பகைவர் நடுவிலே கைதியாய் இருந்தவர் பெருமுயற்சி கொண்டு பார்த்து எழுதினார். நம்முடையதை அன்போடு பார்க்கும் நாம் எழுதாதிருப்போமாயின், குற்றம் எவருடையது? மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கூத்தொன்றை இவ்வாண்டிலே முடிவுவரை விழித்திருந்து கண்டு, கண்டவாறே எழுதி வைப்பாராக. அரிப்புக்கு வந்த கைதி நமக்குக் கற்பித்த பாடம் அதுவே.